ஒன்பதாவது நிபந்தனை

டீச்சர் கைப்பையைத் திறந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். நான் டைப் செய்து நீட்டிய நகலில் இரண்டு இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. இரண்டையும் வட்டமிட்டு, ஓரத்தில் சரியானதை எழுதி, முதல் பக்கத்தின் மேல்மூலையில் பழக்கதோஷத்தில் ஒரு சின்ன டிக்கும் போட்டார். பிறகு அந்தத் தாளைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொடுக்காமல் பெஞ்சின் மேல் வைத்தார். பக்கத்தில் இருந்தவர் அவருடைய கணவர். டீச்சர் கையை எடுக்கும்வரை அவர் காத்திருந்தார், அதற்கப்புறம்தான் தாளைத் தொட்டார். அது கணவனும் மனைவியும் ஒரே வீட்டுக்குள் எப்படித் தனித்தனியாக வாழ்வது என்று தங்களுக்குள் எழுதிக்கொண்ட ஒப்பந்தம். பெஞ்சில் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. முகூர்த்த நாள் என்பதால் அன்று எங்கள் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. ஆனாலும் கால் வலிக்க நின்றவர்களில் ஒருவருக்குக்கூட அந்த இடத்தில் உட்காரத் தோன்றவில்லை.

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்றில், இல்லையென்றால் நான்கில். தாம்பரத்தில் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஊரே அவரை ரைட்டர் என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். குரோம்பேட்டையில் ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன், இறங்கி ஐந்து நிமிட நடை. ஏரிக்கரையும் வயலும் மனையாகிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணன் தம்பிகள் அடித்துக்கொள்ளாமல் பங்கு பிரித்துக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு வரும். அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபார்மட் வைத்திருந்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ரைட்டர் எனக்குச் சொன்ன ஒரே பாடம் இதுதான்: "ஃபார்மட்ல கை வைக்காதேம்மா. பேரை மாத்து, ஊரை மாத்து, அளவை மாத்து. வாசகத்தைத் தொட்டே, வேலைக்கு வேட்டு வெச்சிடுவேன். அது கோர்ட்டு கோர்ட்டா ஏறி எறங்கின வாசகம்." நானும் தொட்டதில்லை. புரியாத வாசகத்துக்கு ஒரு மரியாதை உண்டு. கோயிலில் மந்திரம் சொல்லும்போது நாம் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

டீச்சர் கீழ்க்கட்டளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கணவர் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ட்ராஃப்ட்ஸ்மேன், அதாவது கட்டட வரைபடம் போடுகிறவர். அவருக்கும் அப்போது ஓய்வாகியிருந்தது. அவரை நான் சார் என்றே சொல்கிறேன், டீச்சரும் எங்களிடம் அப்படித்தான் சொன்னார். குழந்தைகள் இல்லை. அவர்கள் விஷயத்தைச் சொன்னதும் ரைட்டர் குரலைத் தணித்துக்கொண்டு, "இன்னா சார், டைவர்ஸா?" என்றார்.

"சேச்சே. இந்த வயசுல கோர்ட் வாசல்ல போய் நிக்கறதா?" என்றார் சார்.

"சண்டை ஒண்ணும் இல்ல. வீட்டுல சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

"ரெண்டு பேருமே எப்பவும் கரெக்டா இருக்கோம். அதான் ப்ராப்ளம்" என்று சார் முடித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சார் கொண்டுவந்த உறையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவரே வரைந்த வீட்டு வரைபடம். வாசலிலிருந்து பின்சுவர்வரை ஹாலின் நடுவே நீல மையில் ஒரு கோடு ஓடியது. கிழக்கே டீச்சர், மேற்கே சார். இன்னொன்று அவர் கைப்பட எழுதிய பட்டியல். எல்லா எழுத்தும் ஒரே உயரத்தில், அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. பதினொரு நிபந்தனைகள். காலை எட்டு மணிவரை பேப்பர் டீச்சருக்கு, அப்புறம் கோட்டின் மேல் வைத்துவிட வேண்டும். விருந்தாளிகள் வந்தால் யார் உறவோ அவர் பக்கம் உட்கார வேண்டும். டி.வி. சத்தம் எதிர்ப்பக்கம் கேட்கக் கூடாது. இப்படிப் போய், ஒன்பதாவதாக இது இருந்தது: "ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கூப்பிட வேண்டியதில்லை, மற்றவர் வரலாம்."

"பாகப்பிரிவினை ஃபார்மட்ட எடுத்துக்கோ. சகோதரர்கள்னு வர்ற எடத்துலல்லாம் கணவன் மனைவின்னு போடு" என்று சொல்லிவிட்டு ரைட்டர் வேறொரு பார்ட்டியோடு பதிவு அலுவலகத்துக்குக் கிளம்பினார். நான் பட்டியலை அடித்துக்கொண்டே வந்து ஒன்பதில் நின்றேன். ஃபார்மட்டில் ஏற்கெனவே ஒரு வாசகம் இருந்தது: "ஒருவர் பாகத்துக்குள் மற்றவர் எக்காலத்தும் எக்காரணத்தை முன்னிட்டும் பிரவேசிக்கக் கூடாது." எக்காரணத்தை முன்னிட்டும் கூடாது என்று மேலே சொல்லிவிட்டு, உடம்புக்கு முடியாவிட்டால் வரலாம் என்று கீழே எப்படிச் சொல்வது? வாசலுக்கு ஓடிப்போய்ச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ரைட்டரைக் கேட்டேன். "எது ஃபார்மட்ல கீதோ அது நிக்கட்டும். அவங்க எழுதினத எடுத்துடு. படிச்சிப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போடப் போறாங்க? வேணும்னா வாயத் தொறந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திரும்பி வந்து அந்த வரியை எடுத்தேன். எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை. பத்தாவது தானாக ஒன்பதாகி, பதினொன்று பத்தாகி, இடைவெளியே தெரியாமல் மூடிக்கொண்டது. எடுத்ததை அவர்களிடம் சொல்லியிருக்கலாம், சொல்லத்தான் நினைத்தேன். வரிசையில் இன்னும் நான்கு பார்ட்டிகள் நின்றார்கள். அதைவிட, அந்தப் பெஞ்சுக்குக் கிட்டே போகவே எனக்கு என்னவோபோல் இருந்தது. சாவு வீட்டில் யாரும் அழாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி ஒரு அமைதி அங்கே.

டீச்சர் விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். முடிக்கும் முன் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து சாரைப் பார்த்தார். சார் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சார் படித்தார். அவரும் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். அப்போது டீச்சர் கைப்பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் எதுவும் கேட்கவில்லை, அப்பாடா என்று இருந்தது எனக்கு. ஒற்றுப் பிழைகளைத் திருத்தி முத்திரைத்தாளில் பிரின்ட் எடுத்தேன். கையெழுத்துப் போட்டார்கள். முதல் சாட்சி பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், இரண்டாவது சாட்சி நான். பட்டியலையும் வரைபடத்தின் நகலையும் எங்கள் ஃபைலில் குத்தி வைத்தேன். அவர்கள் சந்து முனைவரை சேர்ந்துதான் நடந்தார்கள். அங்கே ஆளுக்கொரு ஷேர் ஆட்டோவில் ஏறி, ஒரே வீட்டுக்குப் போனார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு மழை மத்தியானத்தில் சார் மட்டும் வந்தார். கரண்ட் இல்லை. கடைக்குள் பட்டப்பகலில் முகம் தெரியாத இருட்டு. குடையை மடக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டு, "நான் கையால எழுதிக் குடுத்தேனே ஒரு லிஸ்ட், அது இருக்காம்மா?" என்றார். அது என் தலைக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கண்டுபிடித்துவிட்டார், ரைட்டரிடம் சொல்லப்போகிறார், வேலை போச்சு என்று நினைத்தேன். "இல்ல சார், அதெல்லாம் அப்பவே கிழிச்சுப் போட்டுடுவோம்" என்றேன். வாய் கூசாமல்தான் சொன்னேன்.

"பரவால்ல. ஒரு சின்ன சந்தேகம். அத எடுத்தது எடுத்ததுதான். அவங்க இஷ்டம்" என்றார். அவங்க என்று ரைட்டரைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் வந்தபோது அவர் இல்லை. நின்ற இடத்தில் இரண்டு செருப்புத் தடம் மட்டும் ஈரமாக இருந்தது. சாயங்காலம் கடை சாத்தும்வரை அதை மிதிக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்வந்தேன்.

அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். டீச்சர் தனியாக வந்தார். பெஞ்சின் ஓரத்தில், அன்றைக்கு உட்கார்ந்த அதே பக்கம் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "சார் தவறிட்டார். காரியம் முடிஞ்சு ஒரு மாசமாச்சு" என்றார்.

"அடடா. எப்டிம்மா ஆச்சு?" என்றார் ரைட்டர்.

"மத்தியானம் விழுந்தார். அவர் பக்கத்துல. நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

என் கை டைப் அடிப்பதை நிறுத்திவிட்டது. டீச்சர் ஒப்பந்தத்தை ரத்து செய்து தரச் சொன்னார். ரைட்டர் இரக்கத்தோடுதான் சிரித்தார். "அவரே பூட்டாரு. இனிமே இன்னாத்துக்கும்மா பத்திரம்? வூடு முழுக்க உங்களுதுதான். தாராளமா நடங்க."

டீச்சர் கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். இருவரையும் இருவர் வாரிசுகளையும் கட்டுப்படுத்தும் என்று இருந்தது. அதுவும் ஃபார்மட் வாசகம். "அவருக்கு வாரிசு நான்தான். அப்ப அவர் பக்கத்துக்கு நான்தான் சொந்தக்காரி. ஆனா அந்தப் பக்கத்துக்குள்ள நான் போகக் கூடாது. எப்படிப் போட்டாலும் இந்தக் கணக்கு அங்கதான் வந்து நிக்குது" என்றார்.

"ஐயோ, இது கோர்ட்ல நிக்காதும்மா. மெய்யாலுமே சொல்றேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல இந்த மாதிரி எழுதறதுக்கு ஒரு மதிப்பும் கெடையாது. நீங்க கேட்டீங்க, எழுதிக் குடுத்தோம்."

"கோர்ட்டை யார் கேட்டா? நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார் டீச்சர். முப்பது வருஷம் பரீட்சை ஹாலில் நடந்த குரல் அது. மணி அடித்த பிறகு யாரையும் ஒரு வரிகூட எழுத விட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது.

டீச்சரே வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். சாருடைய வாரிசு என்ற முறையில் அவரே தனக்கு ஓர் அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் இடத்தில் அவர் பெயர், பெறுபவர் இடத்திலும் அவர் பெயர். "நீ டைப் பண்ணி ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு எடுத்துட்டு வா. அன்னிக்கு நீதானே சாட்சி, இதுக்கும் நீயே இரு" என்று என்னிடம் சொன்னார். அந்தக் கடிதத்தை அடிக்கும்போது எனக்கு ஒரு கேள்வி வந்தது. கேட்பதும் நானே கொடுப்பதும் நானே என்று ஒருவர் எழுதி வாங்கினால், அப்புறம் அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

அவர் போனதும் பழைய ஃபைலை எடுத்தேன். பட்டியல் குத்திய இடத்திலேயே இருந்தது. ரைட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "கிழிச்சிப் போட்டுட்டு வேலையப் பாரு. காட்டினே, அந்தம்மா தாங்காது" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை, சொன்னதிலும் நியாயம் இருந்தது. இதைக் காட்டினால், கூப்பிடாமலே வரலாம் என்று சார் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார், தன்னைக் கோட்டில் நிறுத்தியது ஒரு டைப்பிஸ்டின் விரல் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். காட்டாவிட்டால் ஒன்றும் தெரியாது. பாதி வீட்டில், தானே எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டுவார். எனக்கும் வேலை நிற்கும். ஆனாலும் கிழிக்க மனம் வரவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பல்லாவரத்தில் இறங்கி பஸ் ஏறினேன்.

வீடு பளிச்சென்று இருந்தது, அதாவது கிழக்குப் பாதி. ஹாலின் நடுவே தரையில் பச்சை எனாமல் பெயின்டில் கோடு. ட்ராஃப்ட்ஸ்மேன் போட்டது, ஒரு நூல் பிசகவில்லை. பின்சுவரில் ஏறி கல்யாணப் போட்டோவின் அடிச்சட்டத்தில் போய் முடிந்தது. போட்டோவில் மட்டும் இடம் மாறி, சார் கோட்டுக்குக் கிழக்கே டீச்சரின் பாதியிலும், டீச்சர் மேற்கே சாரின் பாதியிலும் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் புறம் எல்லாமே கண்ணுக்கு எதிரில்தான் இருந்தன: ஈஸிசேர், வரைபலகை, ஒரு ஸ்டூல், சுவரோரம் தவறி விழுந்த மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றின் மேலும் தூசி. அத்தனைக்கும் மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு க்ளிக்.

நான் அதையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு டீச்சர் சொன்னார்: "காரியத்துக்கு வந்த சாரோட தம்பி வீட்டுக்காரங்க போட்டுட்டு அணைக்காம போயிட்டாங்க. அன்னிலேர்ந்து ஓடுது. ஸ்விட்ச் அந்தப் பக்கம்."

"பக்கத்து வீட்டுல யாரையாவது அணைக்கச் சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"மொதல்ல சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் பழகிடுச்சு. இப்ப கரண்ட் போய் நின்னாத்தான் பயமா இருக்கு. மறுபடி மெதுவா சுத்த ஆரம்பிக்கும் பாரு, யாரோ தூங்கி எழுந்து உக்கார்ற மாதிரியே இருக்கும்."

ஒரு விமானம் தாழப் பறந்து போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. அவருடைய நாற்காலி கோட்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேற்கே பார்த்துப் போடப்பட்டிருந்தது. அதன் முன்னங்கால்கள் இருந்த இடத்தில் தரை தேய்ந்து வெளுத்திருந்தது. எத்தனை நேரம் அதில் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கேட்காமலே அந்த மத்தியானத்தைச் சொன்னார். ஸ்டூல் விழுந்த சத்தம். எழுந்து கோட்டுக்கு வந்து பார்த்தால் சார் கீழே கிடக்கிறார், கண் திறந்திருக்கிறது. "வரட்டுமா?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். மூன்று தடவை கேட்டிருக்கிறார். பேச்சு வரவில்லை, ஆனால் சார் கையைத் தூக்கியிருக்கிறார். டீச்சர் தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை எனக்குக் காட்டிப் பிடித்தார். "இப்படி. வான்னாரா, வராதேன்னாரா? நீ சொல்லு."

உண்மையாகவே அந்தக் கை இரண்டுக்கும் பொருந்தியது.

டீச்சர் வெளியே ஓடியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் எல்லோரும் வேலைக்குப் போயிருந்த நேரம். நான்காவது வீட்டில் ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர் ஒருவர் கிடைத்து, அவர் வந்து கோட்டைத் தாண்டிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. முன்னாலேயே யாராவது தூக்கி உட்கார வைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டாராம். சொல்ல முடியாது என்றாராம் அவர். "முப்பத்தி நாலு வருஷம். அந்தக் கைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியல பாரு" என்றார் டீச்சர். அழவில்லை. தப்பாக வந்த விடையை மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கிற முகம். எனக்குத்தான் தாங்கவில்லை. பையைத் திறந்து பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்.

அவர் விரலை வைத்து முதலிலிருந்து படித்தார். ஒன்பதில் விரல் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. நான் ஃபேனின் க்ளிக்கை எண்ணிக்கொண்டிருந்தேன், முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"இது பத்திரத்துல இல்லைங்கறது எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார் டீச்சர். "இந்த லிஸ்ட்டை அவர் வீட்டுல எழுதும்போதே படிச்சேன். இது ஒண்ணுதான் எனக்குப் பிடிச்சிருந்தது. உங்க ஆபீஸ்ல பார்த்தா இல்ல. சரி, கடைசி நிமிஷத்துல அவர் எடுக்கச் சொல்லியிருக்கார், நான் வர்றதே அவருக்கு வேண்டாம்னு நினைச்சேன். அவர்கிட்ட கேக்கறதுக்கு எனக்கு ரோஷம்."

அப்போதுதான் எனக்கு அந்த மழை மத்தியானம் விளங்கியது. அவங்க இஷ்டம் என்று சார் சொன்னது ரைட்டரை இல்லை. இதையாவது சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் ஒரு தடவை வாயை மூடிக்கொண்டிருந்ததன் பலன் எதிரே தூசி படிந்து கிடந்தது.

"சார் எடுக்கச் சொல்லல டீச்சர். நான்தான் எடுத்தேன். ஃபார்மட்டோட இடிக்குதுன்னு எடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லவும் இல்ல" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். "அப்புறம் சார் ஒரு நாள் வந்து இந்த லிஸ்ட் இருக்கான்னு கேட்டார். பயத்துல இல்லைன்னு பொய் சொல்லிட்டேன். எடுத்தது அவங்க இஷ்டம்னு சொல்லிட்டுப் போனார். நீங்க எடுக்கச் சொன்னதா நினைச்சுட்டார் டீச்சர்."

அறைவார் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. பட்டியலை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். கோட்டுக்குப் போய், கால் விரல்கள் பெயின்டைத் தொடாமல் நின்றார். அந்தப் பாதியைப் பார்த்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னார்:

"கேட்டீங்களா? நான் எடுக்கச் சொல்லல."

பிறகு தலையை ஒரு பக்கம் லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். பதில் சொல்ல ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். நானும் அந்த ஈஸிசேரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் காதில் ஃபேனைத் தவிர எதுவும் விழவில்லை, இதைச் சத்தியம் செய்தே சொல்வேன். டீச்சரின் முகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. எதிரே இருக்கிறவர் பேசப் பேச நமக்கு மாறுமே, அப்படி. இரண்டு தடவை தலையை ஆட்டினார்.

"சரி, வரேன்" என்று சொல்லிக் கோட்டைத் தாண்டினார்.

ஃபேனை அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்விட்ச் பக்கம் அவர் போகவே இல்லை. மூக்குக் கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்து, ஈஸிசேரின் கைமேல் வைத்தார். ஸ்டூலை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் ஒருத்தி இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. டைப் செய்து கொண்டுபோன அனுமதிக் கடிதத்தைப் பையிலிருந்து எடுக்காமலே வாசல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டருகே வரும்போது உள்ளே டீச்சர் பேசும் சத்தம் கேட்டது. நடுநடுவே நிறுத்தி, கேட்டுக்கொண்டு, மறுபடி பேசினார்.